நாகராஜ் பாஸில் போனவர்

வேலம்மாவைத் தெரியாதவர்கள் எங்கள் குடியிருப்பில் இல்லை. சாந்தோம் பக்கத்து மீன் சந்தையில், வாங்குகிறவர்களுக்கு மீனை வெட்டிச் சுத்தம் செய்து கொடுப்பார். கை வேலை செய்யும்போது வாயும் சும்மா இருக்காது. சின்ன மீனாகப் பொறுக்கி வாங்கியவரிடம், "இன்னா சார், வீட்ல பூன கீதா?" என்று கேட்பார். போன ஆடிக்குப் பிறகு அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

அவர் கணவர் தணிகாசலம் பெயின்டர். தரமணியில் ஒரு புதுக் கட்டடத்தின் ஏழாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். சட்டைப்பையில் இருந்த, வேலையிடத்துக்குள் விடும் பாஸைப் பார்த்து, மருத்துவமனையில் 'நாகராஜ்' என்று எழுதிக்கொண்டார்கள். போலீஸ் முதலில் போன் செய்தது எதிர்வீட்டு நாகராஜின் மனைவி லாவண்யாவுக்கு. "உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரும்மா" என்றபோது, நாகராஜ் அவள் பக்கத்திலேயே காய்ச்சலில் படுத்திருந்தான்.

மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் அந்தக் கட்டட வேலையில் பாஸை ரத்து செய்துவிடுவார்கள். அதனால் ஒருவருக்கு முடியாதபோது இன்னொருவர் அவருடைய பாஸில் போவது பெயின்டர்களுக்குள் வழக்கம். கூலி போனவருக்கு, இடம் பாஸ்காரருக்கு. வாசலில் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

"தணிகாசலம்னு எங்ககிட்ட ஆளே கிடையாது" என்று கான்ட்ராக்டர் இழப்பீடு தர மறுத்துவிட்டார். நாகராஜ் வந்து உண்மையைச் சொன்னால்தான் வழி. சொன்னால் அவன் வேலை போய்விடும். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

"நான் வந்து சொல்றேன்கா" என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். வேலம்மா மனுப் போட்டிருந்த தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணைக்கு வரவும் வந்தான். ஆனால் அதிகாரி கேட்டதும் தரையைப் பார்த்தபடி, "பாஸ் தொலஞ்சு போச்சு சார். அவருக்கு எப்டி கெடச்சுதுன்னு தெரியாது" என்றான்.

"நீங்க ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார் அதிகாரி.

வேலம்மா எழுந்து நின்றார். அழவில்லை.

"துட்டு வராட்டி போவுது நாகு. மீன் வெட்டிப் பொழச்சிக்குவேன். ஆனா அந்த மனுசன் திருடினு போனாருன்னு எழுத உட்றாத. உன் வாசல்ல நின்னுதான வாங்கினு போனாரு? 'ஹெல்மெட்ட நல்லா எறக்கிப் போட்டுக்க மாமா, மூஞ்சி தெரியப் போவுது'ன்னு சொன்னது யாருடா?"

நாகராஜ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு கையை எடுத்து, "நான்தான் சார் குடுத்தேன். நான்தான் போவச் சொன்னேன்" என்றான்.

உத்தரவு வர எட்டு மாதம் ஆயிற்று. தணிகாசலம் அங்கே வேலை பார்த்த தொழிலாளிதான் என்று அதில் எழுதியிருந்தது. இழப்பீடும் வந்தது. நாகராஜின் பாஸை விசாரணைக்கு மறுநாளே பிடுங்கிவிட்டார்கள். அதன் பிறகு எந்தக் கான்ட்ராக்டரும் அவனைச் சேர்க்கவில்லை. வாடகை கொடுக்க முடியாமல் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள்.

சாமான் ஏற்றும் அன்று வேலம்மா போய்ப் பாத்திர மூட்டையைத் தூக்கினார். லாவண்யா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"உடுக்கா. நாங்களே ஏத்திக்கிறோம்."

நாகராஜ் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். இறங்கவில்லை.