புயலுக்கும் கீழே நின்ற முள்

போன வாரம் பொன்முடி மலை பஸ்ஸில், அடிவாரத்து வித்துராவில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் என் மடியிலேயே ஊதத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு உப்பித் தலையணை மாதிரி ஆகிவிட்டது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது, அவ்வளவுதான். தெரிந்தும், வெடித்துவிடுமோ என்று அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டே போனேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

அந்த நாளில் இதே மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் எனக்கு கிளார்க் வேலை. கல்யாணமான புதுசு. மனைவி கோமதியை அழைத்துக்கொண்டு கரமனையிலிருந்து கிளம்பியபோது, மாமனார் சுவரில் மாட்டியிருந்த பாரோமீட்டரைக் கழற்றிக் கொடுத்தார். கடியாரம் போல வட்டமாக இருக்கும்; எண்களுக்குப் பதில் வெயில், மழை, புயல் என்று எழுதியிருக்கும். காற்றின் அழுத்தம் இறங்கினால் முள் மழைக்கும் புயலுக்கும் நகரும். வீட்டில் நல்ல வெயிலைக் காட்டிய முள், ஜீப் மலையேற ஏற இறங்கியது. புயலைத் தொட்டது. அதையும் தாண்டி எழுத்தே இல்லாத இடத்துக்குப் போய்விட்டது.

"ஏன்னா, திரும்பிடலாமா?" என்றாள் கோமதி. எனக்கும் அதே ஆசைதான், சொல்ல வெட்கம்.

"பேடிக்காதீங்க சாரே, பயம் வேண்டாம். மேலே பாருங்க, ஒரு மேகம் உண்டா?" என்றார் டிரைவர்.

கீழே கரமனையில் பழகிய அந்த முள்ளுக்கு மலையேறினாலும் ஒன்றுதான், புயல் வந்தாலும் ஒன்றுதான் என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அதற்கப்புறம் அதை யார் மதித்தார்கள்? பளீரென்று வெயில் காயும்போது, "ஏன்னா, புயல்! குடை எடுத்துக்கோங்கோ" என்று கோமதி கேலி செய்வாள். ஆனாலும் சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். கண்ணாடியில் பொட்டு சரியாக முள்ளின் நுனிக்கு நேரே விழுந்தது.

அந்த ஐப்பசியில் அவள் கரமனைக்குப் போய்விட்டு மத்தியான பஸ்ஸில் திரும்புவதாக இருந்தது. காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பினால், முள் பொட்டை விட்டுக் கீழே இறங்கியிருக்கிறது. வெளியே மங்கின வெயில். கொடியில் துணி அசையவில்லை. மலை ஒன்றும் அன்றைக்கு வளர்ந்துவிடவில்லையே. அப்படியானால் இது நிஜப் புயல்.

ஆபீஸுக்கு ஓடி, வித்துரா பஸ் ஸ்டாண்டில் இருந்த டீக்கடைக்கு போன் போட்டேன். "சேட்டா, என் வீட்டுக்காரியை பஸ்ல ஏற வேண்டாம்னு சொல்லுங்கோ."

"ஐயோ சாரே, வண்டி இப்பத்தானே போச்சு!"

கடல் பக்கத்து ஈரக்காற்று மலையில் முட்டி, மேலேறிக் குளிர்ந்து, கண்ணெதிரே மேகமாகத் திரண்டது. சற்றைக்கெல்லாம் ரோடு தெரியவில்லை. பேய்மழை. வளைவில் போய் நின்றேன். குடை பிய்த்துக்கொண்டு போனது. எங்கோ மரம் முறியும் சத்தம். பஸ் பள்ளத்தில் கிடப்பதாக எத்தனை முறை மனசுக்குள் பார்த்துவிட்டேன்!

இருட்டுகிற நேரத்தில், கைகோர்த்துக்கொண்டு சிலர் நடந்தே வந்தார்கள். மரம் விழுந்து பஸ் கீழேயே நின்றுவிட்டதாம். கடைசியாகக் கோமதி, செருப்பைக் கையில் பிடித்தபடி.

"நீங்க எதுக்கு நனையறேள்?" என்றாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

இப்போது இருப்பது கரமனையில். கடலில் காற்றழுத்தம் கொஞ்சம் தாழ்ந்தாலே போன் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அலறுகிறது. கோமதி போன பிறகு, சிவப்பு வந்தாலும் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். மழையில் வீடு திரும்ப வேண்டியவர் எனக்கு யாரும் இல்லை.