டாப்பெட் சத்தமும் கொட்டாம்பட்டிப் பயணமும்

1. தையல் மெஷின்

எஞ்சின் ஸ்டார்ட் ஆன முதல் நிமிஷத்திலேயே எனக்குக் கவலை வந்துவிட்டது. 'டிக், டிக், டிக்' என்று ஒரே சீராக ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்தால் அதுவும் கூடவே வேகமெடுத்தது.

மதுரை தெற்கு வெளி வீதியில் நான் வேலை செய்யும் பட்டறையில், யுத்த காலத்தில் ஒரு வியாழக்கிழமை நடந்தது இது. வண்டி ஒரு பழைய அமெரிக்கக் கார். நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. அரிசி மில் வைத்திருக்கும் ராவுத்தர் ஒருவருக்குச் சொந்தம். எஞ்சினை முழுக்கப் பிரித்து, சிலிண்டர்களைக் கடைந்து போர் அடித்து, புதிய வால்வுகள் போட்டு மறுபடி கட்டியவர்கள் இரண்டு பேர். நானும் காசிம் பாயும். எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது, காசிமுக்கும் ஏறக்குறைய அதே. பதினெட்டு வருஷமாக ஒரே பெஞ்சில் வேலை.

என் கவலைக்குக் காரணம் எஞ்சின் மட்டும் இல்லை. முதல் நாள்தான் மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் வந்திருந்தது. கொட்டாம்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் ஒரே மகள் பஞ்சவர்ணத்துக்கு எட்டாம் மாதம், தலைப்பிரசவம். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது, ஓயாத தலைவலி, உடனே மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி அங்குள்ள நர்ஸ் சொல்கிறாள் என்று எழுதியிருந்தார். பெட்ரோல் பஞ்சத்தால் பஸ்கள் எல்லாம் அப்போது கரி வாயுவில் ஓடின. மேலூர் வருவதற்குள் இரண்டு தரம் நிற்கும், ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். அந்தப் பெண்ணை அதில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ரேஷன் பெட்ரோல் கூப்பன் கையில் வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்து ராவுத்தர் ஒருவர்தான். கேட்டேன். "வண்டிய முடிச்சுக் குடும்யா. மொத ஓட்டம் உம்ம மகளுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் வந்து பானெட் பக்கம் காதை வைத்தார்.

"என்னய்யா, உள்ள தையல் மெஷின வச்சு மூடிட்டீகளா?"

"டாப்பெட் சத்தம் முதலாளி. நாளைக்குச் சரியாயிரும்" என்றேன்.

"சரியாகணும். இந்தச் சத்தத்தோட வண்டிய ஊருக்குள்ள எடுத்தா எம் மச்சான் சிரிப்பான். சத்தம் நிக்காம நான் வண்டிய வெளிய எடுக்க மாட்டேன்."

தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வால்வின் தண்டை மேலே தள்ளுவது டாப்பெட். அதன் தலையில் ஒரு ஸ்க்ரூ உண்டு. ஸ்க்ரூவின் தலைக்கும் வால்வின் தண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விட வேண்டும். சூட்டில் தண்டு நீளும். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுக்க மூடாது. மூடாத வால்வின் ஓரம் நெருப்பில் கருகிவிடும். இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை நுழைத்து அளப்போம். ராவுத்தர் போனபின் எட்டையும் அளந்தேன். எட்டும் சரியாக இருந்தன. ஆனால் சத்தம் நிற்கவில்லை.

2. சத்தம் நின்றது

வெள்ளிக்கிழமை காசிம் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரத்தில் அந்தக் காரியத்தைச் செய்தேன். கேஜைப் பெஞ்சில் வைத்துவிட்டு, காதை மட்டும் நம்பி, எட்டு ஸ்க்ரூக்களையும் இடைவெளி குறையும்படி ஒவ்வொன்றாக இறுக்கினேன். சத்தம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். நின்றே விட்டது. பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றதை மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறக்கவில்லை. கொட்டாம்பட்டி போய்வர ஐம்பத்தைந்து மைல்தானே, அதுவரை தாங்கும், வந்த பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காசிம் வந்தபோது எஞ்சின் அரை மணியாக ஓடிச் சூடேறியிருந்தது. முதலில் அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் பின்பக்கம் போய் நின்றார். பெஞ்சிலிருந்து ஒரு பழைய பேப்பர்த் துண்டை எடுத்துச் சைலன்சர் குழாயின் வாயில் பிடித்தார். நல்ல எஞ்சின் என்றால் பேப்பரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அது தள்ளியது, நடுநடுவே 'சப்' என்று உள்ளேயும் இழுத்தது.

"மாப்ள, கேப் எம்புட்டு வச்சே?"

"கேஜ் அளவுதான் பாய்."

"எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

நான் தரையைப் பார்த்தேன்.

"வால்வு மூடாம இழுக்குது. எல்லாத்தையும் இறுக்கிட்டியா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "மேலூருக்கு அங்கிட்டுப் பொட்டக் காடு. அங்க வால்வு எரிஞ்சு, இழுவ போயி வண்டி நின்னுச்சுன்னா, வலியோட இருக்கற பிள்ளைய எறக்கி நீ தோள்ல தூக்கிட்டு வருவியா?"

அந்த நேரம் பார்த்து ராவுத்தர் வந்துவிட்டார். அமைதியாக ஓடிய எஞ்சினைப் பார்த்து, "ஆகா! இதான்யா வேல! இப்பவே எடுத்துக்கிறவா?" என்றார்.

"இன்னும் ஆகல முதலாளி. டாப்பெட்ட நான்தான் தப்பா இறுக்கி வச்சுட்டேன். திரும்ப வைக்கணும்" என்றார் காசிம்.

ராவுத்தருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்டா, ரெண்டு வாரமா பிரிக்கிறீக, மாட்டுறீக! ஒனக்கு எஞ்சின் வேல தெரியுமா, இல்ல கொல்லப் பட்டறையில இருந்து ஓடி வந்தியா?" என்று பட்டறையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் பேசினார். காசிம் தலையைக் குனிந்து நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வண்டி கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம்.

3. குழி

எட்டையும் கேஜ் வைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தோம். ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் திரும்ப வந்தது. காசிம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மெல்லிய தகடு ஒன்றை ஒவ்வொரு டாப்பெட்டிலும் நுழைத்துக்கொண்டே வந்தார். மூன்றாம் சிலிண்டரில் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வின் டாப்பெட்டில் நுழைத்ததும் சத்தம் நின்றது. எடுத்ததும் வந்தது.

எஞ்சினை நிறுத்தி அந்த இடத்தை அளந்தோம். அளவு சரியாக இருந்தது.

"கேஜ் பொய் சொல்லுதா?" என்றேன்.

அவர் அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, கிரீஸைத் துடைத்து, தலையில் விரல் நுனியால் தடவினார். பிறகு என் விரலைப் பிடித்து அதில் வைத்தார். உளுந்து அளவில் ஒரு குழி. பல வருஷம் வால்வுத் தண்டு அடித்து அடித்து உண்டாக்கியது. தகடு அகலமானது, குழியின் மேல் பாலம் மாதிரி படுத்துக்கொள்ளும். தண்டோ குழிக்குள் போய் அடிக்கும். தகடு காட்டிய இடைவெளி வேறு, உள்ளே இருந்த இடைவெளி வேறு.

அந்த ஸ்க்ரூக்களை மண்ணெண்ணெயில் கழுவி மாட்டியவன் நான். யுத்த காலத்தில் புதிது கிடைக்காது, அதனால் பழையதையே போடுவது என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. மாற்றப் போவதில்லையே என்று ஸ்க்ரூவின் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

எண்ணெய்க் கல்லில் வைத்துத் தேய்க்க உட்கார்ந்தார் காசிம். அழுத்தாமல், சாய்க்காமல், எட்டுப் போடுகிற மாதிரி. நடுநடுவே வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நான் வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "சீக்கிரம் பாய்" என்றதற்கு, "சீக்கிரம்னு நீ பண்ணுனத மத்தியானம்தான பாத்தோம்" என்றார். பொழுது சாய்வதற்குள் மாட்டி, அளந்து, ஓடவிட்டோம். அந்த டிக் டிக் போய்விட்டது. மெல்லிய சலசலப்பு மட்டும் இருந்தது. அது அந்த மாதிரி எஞ்சினுக்கு இருக்க வேண்டிய சத்தம். ராவுத்தரிடம் அதைச் சொல்லிப் புரியவைத்ததும் காசிம்தான்.

4. மேலூரைத் தாண்டி

சனிக்கிழமை விடிந்ததும் ராவுத்தரே வண்டியை ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போகும்போது ஒன்றுமில்லை. பஞ்சவர்ணத்தைப் பின் சீட்டில் அவள் மாமியார் மடியில் படுக்கவைத்துத் திரும்பினோம். மேலூரைத் தாண்டியதும், "அப்பா, மரமெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றாள். அடுத்த சில நிமிஷத்தில் அவளுக்குக் கை கால் வெட்டி இழுக்கத் தொடங்கியது.

ராவுத்தர் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தார். ரேடியேட்டரில் ஆவி பறந்தது. நான் பின்பக்கம் திரும்பி, நாக்கைக் கடித்துவிடாமல் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் என் காது முழுக்க எஞ்சினில்தான் இருந்தது. அத்தனை சூட்டிலும் இழுவை குறையவில்லை. எட்டு வால்வும் ஒழுங்காக மூடிக்கொண்டிருந்தன. முதல் நாள் நான் வைத்தபடி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்தத் தொழில் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி லேடி டாக்டர் உள்ளே போனவர் வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். "பெண் குழந்தை. ரெண்டு பேரும் பிழைச்சாங்க. இன்னும் அரை மணி லேட்டா வந்திருந்தா என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார்.

வராந்தாவில் ராவுத்தரிடம் சொல்லிவிட்டேன். இறுக்கியது நான்தான், காசிம் இல்லை என்று.

அவர், "அம்புட்டுப் பேரு முன்னாடி அவனப் பேசிப்புட்டேனேய்யா" என்றார். அங்கிருந்து நேரே பட்டறைக்குத்தான் போனார். அத்தனை பேர் முன்னாலும் காசிமின் கையைப் பிடித்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை காசிமிடம் கேட்டேன், ஏன் உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்கள் என்று.

"ஒன்னையத் திட்டியிருந்தா நீ அழுதிருப்ப. அழுகுற ஆள வச்சுக்கிட்டு எஞ்சின் வேல பாக்க முடியுமா? கோவத்துல வண்டியும் தர மாட்டேன்னுட்டார்னா? எம் மக கொட்டாம்பட்டியில இல்லையே மாப்ள, நான் வாங்கிக் கட்டிக்கிட்டா என்ன?"

நன்றி சொல்ல வாயெடுத்தேன். "போயி அந்தப் பஸ்ஸோட கியர் பாக்ஸ எறக்கு" என்று சொல்லிவிட்டார்.

சத்தத்தை அடக்குவது வேறு, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது வேறு. புதியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அந்த வண்டியின் ஜாப் கார்டில், செய்த வேலை என்ற இடத்தில், மூன்றாம் எக்ஸாஸ்ட் ஸ்க்ரூ தேய்த்துச் சமன் செய்தது காசிம் என்று எழுதினேன். அதற்கு மேல் வரியில், எட்டு டாப்பெட்டும் தவறாக இறுக்கியது என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். பட்டறை முதலாளி அதை அடித்துவிடச் சொன்னார். அடிக்கவில்லை.