பச்சை காட்டிய திரை

2011 செப்டம்பர் 14, புதன்கிழமை. வழக்கம்போல் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஒரகடம் போய், கேன்டீனில் இட்லி சாப்பிட்டுவிட்டு என் மேசைக்கு வந்தேன். பிரேக் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை. உள்ளே எல்லோரும் பயன்படுத்தும் வலைப்பக்கங்களை எழுதுவது என் வேலை. எந்தப் பெட்டியை லாரியில் ஏற்றலாம் என்று சொல்லும் பக்கமும் அதில் ஒன்று. தரச் சோதனைப் பிரிவு சம்மதித்தது பச்சை, நிறுத்தி வைத்தது சிவப்பு.

பத்து மணிக்கு மேலாளர் கூப்பிட்டனுப்பினார். முதல்நாள் மாலை சிவப்பான பெட்டிகள் காலையில் லாரி ஏறிவிட்டன. கார் கம்பெனியில் இறக்குவதற்குள் இருங்காட்டுக்கோட்டையில் லாரியை மடக்கித் திருப்பியிருக்கிறார்கள். அனுப்பியவர் டெஸ்பாட்ச் கிளார்க், பக்கத்துக் கிராமத்துக்காரர், ஒப்பந்த ஊழியர். அவருடைய அடையாள அட்டை மேலாளரின் மேசைமேல் கிடந்தது. மாலைக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் அவர் நாளை முதல் வர வேண்டாம் என்றார் மேலாளர்.

"பச்சையாத்தான் சார் இருந்துச்சு. இப்பவும் அப்டித்தான் கீது, வந்து பாருங்க" என்றார் மேசையருகே நின்றிருந்த கிளார்க்.

உடனிருந்த அவருடைய சூப்பர்வைசர் சிரித்தார். "இன்னிக்குக் கம்ப்யூட்டர் மேல பழி. நாளைக்கு லாரி தானா கெளம்பிடுச்சும்ப."

என் கணினியில் சிவப்புதான் தெரிந்தது. எல்லோரும் டெஸ்பாட்ச் அறைக்குப் போனோம். அங்கே அதே பக்கம், அதே பெட்டிகள், பச்சை. பக்கத்தைப் புதுப்பித்தேன். பச்சை. மீண்டும் செய்தேன். பச்சைதான். பக்கங்களைத் திறந்து காட்டும் இந்தப் பழைய பிரௌசர் கட்டங்களை இடம் மாற்றும், பொத்தானை விழுங்கும். அதோடு சண்டை போட்டே பழகியவன் நான். ஆனால் இப்படி நேற்றைய நிலையை இன்றையது என்று கூசாமல் காட்டி நான் பார்த்ததில்லை.

கடைசியாக இந்தப் பிரௌசரை எப்போது மூடினீர்கள் என்று கேட்டேன்.

"மூடவே மாட்டோம் சார். போற ஷிப்ட் தொறந்து வுட்டுட்டுப் போவான், வர்ற ஷிப்ட் அப்டியே குந்திக்கினு வேலை பாப்பான். மூடித் தொறக்கறதுக்குள்ள லாரிக்காரன் கத்த ஆரம்பிச்சுடுவான்."

மூடித் திறந்தேன். சிவப்பு.

மேலாளருக்கு அது போதவில்லை. இது பிரௌசரின் கோளாறு என்று அதைச் செய்த கம்பெனி எழுதித் தரட்டும் என்றார். புதிய பிரௌசருக்கு மாறவும் வழியில்லை. லேபிள் அச்சிடும் மென்பொருள் பழையதில்தான் ஓடும். அந்தக் கம்பெனியின் உதவி மையத்துக்குப் போன் செய்தேன். இசை கேட்டேன், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றப்பட்டேன், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். நான்கு மணிக்கு மின்னஞ்சல் வந்தது. இது கோளாறு அல்ல. ஒரு கேள்விக்குச் சர்வரிடம் ஒருமுறை வாங்கிய பதிலை, பிரௌசர் ஜன்னலை மூடும்வரை மீண்டும் காட்டும்படிதான் பிரௌசர் வடிவமைக்கப்பட்டுள்ளது. புகார் முடித்து வைக்கப்படுகிறது.

திரும்பத் திரும்பப் படித்தேன். தெரிந்தே இப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதை மனம் ஏற்க மறுத்தது. கோளாறே இல்லை என்றால் குற்றவாளி கிளார்க்தானே? அதை அச்சிட்ட தாளைக் கொண்டுபோக எனக்குத் தயக்கமாக இருந்தது. வேறு வழியில்லாமல் கொண்டுபோனேன்.

மேலாளர் நின்றபடியே படித்தார். "மூடற வரைக்கும் பழசைத்தான் காட்டுமாம். அவங்களே சொல்றாங்க. அப்போ இந்த ஆளு பாத்தது பச்சைதான்" என்றார். அட்டையைக் கிளார்க்கின் பக்கம் நகர்த்தினார். கிளார்க் அதை உடனே எடுக்கவில்லை. சட்டையில் கையைத் துடைத்துவிட்டு எடுத்தார்.

இரவு ஷிப்டுக்காரரிடம் மூடித் திறக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை, இட்லிக்கும் போகாமல், நிறத்தைக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியோடும் கேட்ட நேரமும் சேர்ந்து போகும்படி அந்தப் பக்கத்தை மாற்றினேன். நேரம் மாறினால் பிரௌசருக்கு அது புதுக் கேள்வி. பழைய பதிலைக் காட்ட முடியாது. பிறகு டெஸ்பாட்ச் அறைக்கு நடந்தேன். கிளார்க் கழுத்தில் அட்டையோடு உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே பிரௌசர் ஜன்னலை மூடித் திறந்து காட்டினார்.