கடைமடைக்கு வந்த அக்கா

பேருந்திலிருந்து இறங்கிய அக்காவின் தோளில் ஓர் இரும்பு அளவுகோல் சாய்ந்திருந்தது. முக்கால் ஆள் உயரம். குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். தொண்ணூறுகளில் மழை பொய்த்த ஒரு வருடம் அது. கொடுமுடி பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட ஊரின் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், நிலம் அளக்க யாரோ வந்துவிட்டார்கள் என்று பதறி எழுந்துவிட்டார்கள். அவள் அளக்க வந்தது நிலத்தை அல்ல, தண்ணீரை. வெளிநாட்டில் பொருளாதாரம் படித்துவிட்டு, கோயமுத்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்திருந்தாள். எங்கள் வாய்க்காலில் யாருக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதுதான் அவளுடைய முதல் ஆய்வு.

நாங்கள் இருவரும் பிறந்தது சத்தியமங்கலத்துக்குக் கீழே, அதே வாய்க்கால் தொடங்கும் தலைமடையில். என்னைக் கட்டிக்கொடுத்தது அது வந்து முடியும் கடைமடையில். மேலே அப்பாவின் வயலில் நெல் தளதளவென்று நிற்கும். கீழே எங்கள் மஞ்சள் கருகும். மேலே மடையை அடைக்கச் சொல்லி எங்கள் ஊர்க்காரர்கள் சாலை மறியல் செய்தார்கள். அதில் என் வீட்டுக்காரரும் இருந்தார். அடைக்க முடியாது என்று சொன்ன மேல்பகுதி விவசாயிகளுக்குத் தலைவராக இருந்தவர் அப்பா. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அவர் பேச்சே எடுப்பதில்லை. அக்கா மட்டும் இரண்டு வீட்டுக்கும் நடுவே பேருந்தில் அலைந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்தி வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பாள். திட்டினால், "அளந்து காட்டிப்போட்டா போதும் புள்ள. உண்மை தெரிஞ்சதுக்கப்புறம் யாரு சண்டைக்கு நிப்பாங்க?" என்பாள். அப்பாவின் மடையிலும் அளந்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவே தண்ணீரில் இறங்கி, கோல் சாயாமல் பிடித்துக்கொண்டாராம். மகள் படித்த படிப்பு அவருக்கு அவ்வளவு பெருமை.

ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரு தரப்பையும் கூட்டினார்கள். நானும் போயிருந்தேன். இடப்பக்கம் அப்பாவின் ஆட்கள், வலப்பக்கம் என் வீட்டுக்காரரின் ஆட்கள். எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் கதவோரம் நின்றுகொண்டேன். அக்கா மேடையேறி, தலைமடையில் பயிருக்குத் தேவையானதைவிட அதிகமாகத் தண்ணீர் பாய்கிறது, மிச்சம் வீணாக வடிகிறது என்றாள். மேல்பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, "யாரு மடையிலீங்க அளந்தீங்க?" என்று கத்தினார்.

"எங்கப்பா மடையிலதானுங்க."

அப்பா துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "எம்புள்ள சொல்றதுல பொய்யில்லீங்க. கோலப் புடிச்சதே நாந்தான். ஆனா மடைய அடைக்கமாட்டேன். இந்த வருசம் உட்டுக்குடுத்தா அதே வழக்கமாயிரும். அப்புறம் எங்கூர்ல எவன் எம் பேச்சக் கேப்பான்?"

அளவு தப்பு என்று அவர் மறுப்பார், அதற்கு என்ன பதில் சொல்வது என்றெல்லாம் அக்கா யோசித்து வைத்திருந்தாள். அளவை ஒத்துக்கொண்டும் மடையை அடைக்கமாட்டேன் என்பார் என்று எதிர்பார்க்கவில்லை. மைக்கை மேசையில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கியது இன்றும் கண்ணில் இருக்கிறது.

அந்த வருடம் மஞ்சள் போயிற்று. சில வாரங்கள் கழித்து எங்கள் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. அப்பா அனுப்பிய அரிசி மூட்டைகள். என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "தண்ணி உடமாட்டாராமா, அரிசி மட்டும் அனுப்புவாராமா? திருப்பி அனுப்பு" என்றார். ஓட்டுநர் என்னைப் பார்த்து, "எறக்கட்டுங்களா அம்மணி?" என்றார். இறக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர் அந்த அரிசியைத் தொடவில்லை. கடையில் வாங்கி அவருக்குத் தனியாக உலை வைத்தேன். அன்று மதியம் அக்கா கீழே சம்மணமிட்டு உட்கார்ந்து அப்பாவின் அரிசிச் சோற்றைத் தின்றாள். "தண்ணியத்தான அளந்தேன் புள்ள, அப்பா எதுக்குப் பயப்படறாருன்னு கேக்கவே இல்லியே" என்றாள்.

பிறகு கோயமுத்தூர் வேலையை விட்டுவிட்டாள். வளர்ச்சி வருகிற இடத்தில் மனிதர்கள் ஏன் மோதிக்கொள்கிறார்கள், எப்படிச் சமாதானம் ஆகிறார்கள் என்று ஆராய வெளிநாடு போனாள். ஒரு நாட்டில் நிலைகொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு ஊரிலிருந்து தொலைபேசி வரும். உங்கக்காவுக்கு என்னங்க வேலை என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வதென்றே எனக்குத் தெரியாது. அப்பாவிடமும் பேசுவாள். மழை, உடம்பு, மாட்டுக்கன்று எல்லாம் வரும்; வாய்க்கால் மட்டும் வராது.

போர் ஓய்ந்த ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒருநாள் கூப்பிட்டாள். இரண்டு ஊருக்கு நடுவே ஒரு கிணறு. ஒரு கிழவர் அடுத்த ஊரை இறைக்க விடவில்லையாம். "அவிகளுக்கும் பாத்தியம் இருக்குன்னு அவரே சொல்றாரு புள்ள. ஆனா உடமாட்டேங்கறாரு. வந்தவங்க எல்லாரும் புடிவாதக்காரன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாங்க. நான் அவரு ஊட்டுல போயி உக்காந்துட்டேன். உட்டுக்குடுத்தா என்னங்க ஆகும்னு கேட்டேன். பேச ஆரம்பிச்சிருக்காரு. நாளைக்கும் போகோணும்."

அடுத்த வாரம் பிறந்த ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அந்தாளு தண்ணி உட்டானா?"

"தெரியலீங்கப்பா. இன்னும் போயிட்டுத்தான் இருக்கறாளாமா."

வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "போகட்டும் கண்ணு. நடுவுல உட்டுப்போட்டு வந்தரவேண்டாம்னு சொல்லு" என்றார்.