லால்குடி பஸ்ஸும் சம்பத் சாரும்

சம்பத் சார் மறைந்த செய்தியை அவருடைய அண்ணன் மகன் முகுந்தன்தான் தொலைபேசியில் சொன்னார். “சித்தப்பா ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டார். அவர் போன்ல உங்க நம்பர்தான் முதல்ல இருந்தது. நீங்க யாரு?” என்று கேட்டார். சாருடைய இசைக்குழுவில் டபுள் பேஸ் வாசிக்கிறவள் என்றேன். “அந்தக் கண்றாவியெல்லாம் அவர் விட்டு ரொம்ப நாளாச்சேம்மா. கடைசிக் காலத்துல பெருமாளே கதின்னு இருந்தார்” என்றார்.

சென்ற சனிக்கிழமைகூடக் காட்டூரில் எங்களோடு சட்டை நனைய நனையப் பாடினார் என்று நான் சொல்லவில்லை. வரும் சனிக்கிழமைக்குப் புதுப்பாட்டு ஒன்று வைத்திருப்பதாக, இறந்த அன்று காலையில் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார் என்பதையும் சொல்லவில்லை. இறந்தவர் வீட்டுக்காரரிடம் வாதம் செய்வது முறையல்ல என்று நினைத்து, “சரிங்க” என்றேன்.

சாரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் திருச்சியில் ராக்கபில்லி பாடியவர். அந்த இசைக்குத் தமிழில் பாட்டு எழுதியவர். அது என்ன இசை என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. “அமெரிக்காவுல கிராமத்துப் பாட்டு ஒண்ணு சும்மா உட்கார்ந்திருந்தது. அதுக்கடியில கறுப்புக்காரா தாளத்தைக் கொண்டுவந்து அடுப்பா மூட்டினா. குதிக்காம என்ன செய்யும்?”

ஸ்ரீரங்கத்தில், கோயிலில் ஆழ்வார் பிரபந்தம் ஓதிச் சேவிக்கும் குடும்பத்தில் பிறந்தார். குடுமியும் வேட்டியுமாகக் கோஷ்டியில் நின்று தானும் சேவித்தவர். பள்ளித் தோழன் ஒருவன் பொன்மலை ரயில்வே குடியிருப்பில் இருந்தான். ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அவர்கள் வீட்டு இசைத்தட்டில் ஒருவர் பாதிச் சொல்லில் விக்கல் வந்தவர் போலக் குரலை உடைத்துப் பாடினாராம். “வயித்துல என்னவோ புரண்டுதும்மா. பசின்னு நினைச்சு அவா ஆத்துல கேக் கூடத் தின்னுட்டேன். அது பசியில்ல” என்பார். அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது தோழன் தன் கிதாரை இவரிடம் விட்டுப் போனான்.

கல்லூரி முதல் ஆண்டில் குடுமியை எடுத்துவிட்டு, முன்மயிரைத் தேங்காயெண்ணெய் தடவி மேலே ஏற்றி வாரிக்கொண்டு வீட்டுக்குப் போனார். முகுந்தனின் தந்தையான அவருடைய அண்ணன், இனிமேல் கோஷ்டிப் பக்கம் வரக் கூடாது என்றார். “கண்றாவி” என்ற சொல் அந்த வீட்டில் அன்றுதான் முதலில் விழுந்தது. அதற்குப் பிறகு சாருடைய பாட்டைப் பற்றி அவர்கள் வேறு சொல் தேடவே இல்லை.

பகலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா, மாலையில் கிதார். முதலில் ஆங்கிலப் பாட்டுகளைத்தான் பாடினார். சீக்கிரமே வெறுத்துப்போனது. “நான் பார்க்காத ஊர் ரோட்டை நான் எதுக்குப் பாடணும்? சத்திரம் பஸ் ஸ்டாண்டு என்ன பாவம் பண்ணித்து?” என்று தமிழில் எழுதத் தொடங்கினார். மின்வெட்டைப் பற்றி, வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிக்காததைப் பற்றி, தலைக்குமேல் பறக்கும் கொசுவைப் பற்றிக்கூட எழுதினார். மெல்லிசைக் குழுக்காரர்கள் அவரைக் கோமாளி என்றார்கள்.

நான் தில்லை நகரில் ஒரு மருத்துவமனையில் உடலியக்க மருத்துவராக வேலை பார்க்கிறேன். சார் தோள்வலியோடு அங்கே வந்தார். இந்த வயதில் இனிமேல் கையை மேலே தூக்கி என்ன செய்யப் போகிறீர்கள் என்று எங்கள் பெரிய மருத்துவர் கேட்டதற்கு, “தலை வாரணும் சார்” என்றார். எனக்குக் கிதார் கொஞ்சம் தெரியும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அடுத்த வாரம், காட்டூரில் பாஷா பாய் வீட்டு மாடியில், ஆளுயர வயலின் போலிருந்த டபுள் பேஸ் ஒன்றின் முன்னால் நிறுத்தப்பட்டேன். கல்யாண மேடை அலங்காரம் செய்யும் பாஷா பாய்தான் எங்கள் டிரம்மர். “தடவாதேம்மா, அறை. அது மாட்டுக்கன்னு இல்ல” என்று சார் கத்தினார். இனிமையான மனிதர் என்று சொல்ல மாட்டேன். சட்டைப் பையில் எப்போதும் சீப்பு இருக்கும். மனைவி வேதவல்லி மாமி லால்குடியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நாளில், பள்ளி விழாவுக்குப் போகாமல் ஒத்திகைக்கு வந்தவர்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. ஒரு வரவேற்பில் மாப்பிள்ளையின் தந்தை மேடையேறி, “சார், ஒரு சாமிப் பாட்டோட ஆரம்பிங்களேன்” என்றார். “சாமி கச்சேரிக்கு வரலைங்க. வந்தவங்களுக்குப் பாடறேன்” என்று சார் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தாளத்தைத் தொடங்கிவிட்டார். திரும்பும் வழியில் வண்டியில் வைத்துச் சொன்னார்: “எங்கப்பா சேவிச்சது எவ்ளோ பெரிசுன்னு எனக்குத் தெரியும். அதுக்கு டிரம்ஸ் வெச்சு விக்கறவன் நான் இல்ல. அதைத் தொடாம இருக்கறதுதான் நான் காட்டற மரியாதை.” இதைவிட உண்மையான பக்தியை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

அவர் பாட்டுகளில் பலரும் கேட்டது லால்குடி பஸ்.

“முன்வாசல்ல நீ ஏற
பின்வாசல்ல நான் தொத்த
கண்டக்டரு கேக்குறாரு
எந்த ஊருன்னு
அவ எறங்குற ஊருக்கு
ஒண்ணு குடுன்னேன்”

அந்த “ஒண்ணு” என்ற இடத்தில் அவர் குரல் உடையும். அவர் இறந்த மறுநாள், யாரோ ஒரு கல்யாணத்தில் எடுத்த காணொளியை இணையத்தில் போட்டிருந்தார்கள். அது ஊரெல்லாம் பரவியது. முகுந்தன் மறுபடி அழைத்தார். இந்த முறை குரலே வேறு. “பதிமூணாம் நாள் காரியம் முடிஞ்சு சுபஸ்வீகாரத்துக்கு நீங்க எல்லாரும் அவசியம் வரணும். சித்தப்பாவோட இசைக் கைங்கர்யத்தைப் பத்திச் சொல்லணும். வாத்தியமும் கொண்டு வாங்க.” பத்து நாளைக்குள் கண்றாவி கைங்கர்யம் ஆகியிருந்தது.

நாங்கள் டபுள் பேஸையும் என் கிதாரையும் சின்ன வேனில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனோம். வேதவல்லி மாமி என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். அழுது ஓய்ந்த முகம். “லால்குடி பஸ்ஸ அப்படியே பாடுங்கோ. ஒரு வார்த்தை மாத்தாதேங்கோ. அது எனக்கு எழுதினது. நான் முன்வாசல்ல ஏறுவேன், அந்த மனுஷன் பின்னால தொத்திண்டு வருவார், ஆபீஸ் இந்தப் பக்கம் இருக்க லால்குடி வரைக்கும். இவா யாருக்கும் அது தெரியாது. இன்னிக்காவது தெரியட்டும்” என்றார். எனக்கும் பாஷா பாய்க்கும் அன்று அந்த ஒரு வேலைதான் இருந்தது.

கூடத்தில் கேமரா நின்றது. முகுந்தன் பக்திச் சொற்பொழிவுகளைப் பதிவு செய்து இணையத்தில் போடுகிறவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முதலில் சரமக்கவியை வாசித்தார்கள். மறைந்தவரைப் புகழ்ந்து, அச்சடித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கும் பாட்டு அது. ‘கானத்தால் அரங்கனையே ஆராதித்த சீலர்’ என்று அதில் இருந்தது. நான் கிதாரைச் சுருதி சேர்க்கப் போனேன். முகுந்தன் கையமர்த்தினார். “வாத்தியம் இருக்கட்டும்மா, பின்னால தெரிஞ்சா போறும். நான் அர்த்தம் சொல்லிடறேன்” என்று ஒலிபெருக்கியை எடுத்தார்.

“முன்வாசல்னு சித்தப்பா பாடறாரே, அது சாதாரண வாசலா? பிராட்டி எழுந்தருளற வாசல்! பின்னால தொத்தறது யாரு? ஜீவாத்மா. கண்டக்டர் யாரு? ஆசார்யன். டிக்கெட்? சரணாகதி! அவ எறங்குற ஊர் எது? ஸ்ரீவைகுண்டம்!”

கூடம் முழுக்கத் தலையாட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பாஷா பாய் என் காதருகே குனிந்து, “அப்ப டிரைவர் யாரும்மா?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாயகனும் நாயகியும் பாடும் பாடலில் இறைவனைக் காணும் உரைகளை நான் விரும்பிப் படித்திருக்கிறேன். அந்த உரைகாரர்கள் பாட்டை நேசித்தவர்கள். இவர் பாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தவரைத் தெருவாசலோடு நிறுத்திவிட்டு, பேச முடியாத நிலையில் உள்ளே இழுத்து நாமம் போடுகிறார்கள். அவர் எதைத் தொடாமல் காத்தாரோ, அதையே அவர் வாயில் திணிக்கிறார்கள்.

நான் எழுந்தேன். அதற்குள் உள்ளறைக் கதவருகே மாமி வந்து நின்றிருந்தார். ஒலிபெருக்கி இல்லாமலே வகுப்பில் பேசிப் பழகிய குரல்.

“முகுந்தா, நான் போனது லால்குடிக்கு. பள்ளிக்கூடத்துக்கு. வைகுண்டத்துக்கில்ல. அவர் ஜீவாத்மாவும் இல்ல, டிக்கெட் வாங்கிண்டு என் பின்னால வந்த சம்பத். அந்தப் பஸ்ஸுல நான்தான் இருந்தேன். என்னை எறக்கி விடாதே.”

முகுந்தன் ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு உருக்கமாகப் புன்னகைத்தார். “பாருங்கோ, சித்தி துக்கத்துல என்ன பேசறோம்னு தெரியாம பேசறா. அதுகூட நாயகி பாவம்தான்! சரி, இலை போட்டாச்சு, எல்லாரும் எழுந்திருங்கோ.” எல்லோரும் எழுந்தார்கள். மாமி கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் சாப்பிடாமல், உறை பிரிக்காத டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினோம்.

சார், உங்களைப் பற்றிப் புகழ்ந்து எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். நீங்கள் லால்குடிவரை தேவையில்லாமல் பயணம் செய்த மனிதர். அப்படியே உங்களை வழியனுப்புகிறேன்.

இரண்டு நாள் கழித்து முகுந்தன் அந்த நிகழ்ச்சியைக் காணொளியாக வெளியிட்டார். அவருடைய விளக்கம் முழுதும் அதில் இருக்கிறது. பந்தியில் அக்காரவடிசல் பரிமாறுவதும் முழுதாக இருக்கிறது. மாமி பேசியதை வெட்டிவிட்டார்கள்.