பஸ் திரும்பும் சாமைக் காடு

கொல்லிமலையில், எடப்புளி நாட்டு ஊரொன்றின் பஸ் நிறுத்தத்தில் அன்னாசி நறுக்கி விற்பவரை ஒருமுறைதான் பார்த்தேன். மெலிந்த உடம்பு, தலையில் துண்டு, வெடித்த பாதங்கள். பழம் வாங்க ஆள் இல்லாதபோதெல்லாம் எழுந்துபோய், பஸ் திரும்பும் திடலில் கிடக்கும் கற்களைப் பொறுக்கி ஓரத்தில் போட்டுவிட்டு வந்தார்.

"பஸ் டயருக்காகவாங்க?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. இது எங்க சாமைக் காடுங்க. கல்லக் கண்டா கை சும்மா இருக்காது. பஸ்சு திரும்ப எடமில்லீன்னாங்க, குடுத்துட்டோம்."

சுற்றிலும் பார்த்தேன். டீக்கடை, உரக்கடை, மருந்துக்கடை எல்லாம் அந்தத் திடலை ஒட்டி முளைத்தவை. அவர் காட்டைச் சுற்றித்தான் ஊரே வளர்ந்திருக்கிறது.

"வருத்தமா இல்லைங்களா?"

"முன்னெல்லாம் புள்ளத்தாச்சியத் தூளி கட்டித்தானுங்க கீழ தூக்கிட்டுப் போவோம். எல்லாரும் ஆசுபத்திரி போய்ச் சேரலீங்க."

அதற்குள் பஸ் வந்தது. கத்தியை நிறுத்திவிட்டு, இறங்குகிறவர்களைக் கடைசி ஆள்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைக்குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். அதன்பிறகுதான் அடுத்த பழத்தை எடுத்தார்.

செருப்புக் காலோடு அந்தக் காட்டில் நிற்க எனக்குக் கூசியது. என் காலடியில் கிடந்த கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.