விதைக்கடலை இருந்த அறை

அன்று வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: அம்மா, ஏழு மாதக் கர்ப்பத்தோடு பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா, நான். அப்பா, எங்களுக்கு நைனா, வீட்டில் இல்லை. ஆந்திரா தனியாகப் பிரிந்தபின், புத்தூர்ப் பக்கத்து ஊர்களெல்லாம் எந்த ராஜ்யத்தில் சேரும் என்று ஓயாமல் கூட்டம் நடந்துகொண்டிருந்த காலம். நகரியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார்.

அக்காவுக்குச் சிறுவயதிலிருந்தே மூச்சிழுப்பு. எங்கள் வீட்டுக்கு வந்த பத்து நாளில் அது முற்றிவிட்டது. முந்தின நாள் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். அவள் படுக்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்று டாக்டர் தெலுங்கில் கேட்டார். எங்களுக்கு இருந்ததே ஒரு அறை. அதில் பாதியை, ஆடியில் விதைக்க வைத்திருந்த வேர்க்கடலை மூட்டைகள் அடைத்திருந்தன. சொன்னேன். அந்தத் தூசியும் பூஞ்சணமும்தான் அவளுக்கு எமன், வெளியேற்று என்றார்.

வீட்டில் முதலில் படித்தவன் நான். டாக்டர் சொன்னதை உடனே செய்துவிட வேண்டும் என்ற வேகம். நைனா வந்துவிட்டால் விதையைத் தொட விடமாட்டார் என்ற பயம் வேறு. ஒற்றை ஆளாக மூட்டைகளை இழுத்து வெளியே போட்டேன். அக்காவை முதலில் வெளியே அனுப்ப வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவள் சுவரில் சாய்ந்துகொண்டு, "பாத்துடா, இடுப்பு புடிச்சிக்கினா நான்தான் தைலம் தேய்க்கணும்" என்று கிண்டல் செய்தாள்.

அடி மூட்டை மக்கியிருந்தது. இழுத்ததும் சாக்கு கிழிந்து, சாம்பல் நிறத் தூசி எழுந்து அறையை மூடியது.

அக்காவின் பேச்சு நின்றது. வாயைத் திறந்து திறந்து பார்த்தாள். காற்று உள்ளே போகவில்லை. உதடு நாவற்பழம் தின்றதுபோல் கறுத்தது. ஒரு கை வயிற்றைப் பற்றியிருந்தது.

"கண்ணு பட்டுட்ச்சி, மொளகா சுத்திப் போடறேன்" என்று அம்மா அடுப்புக்கு ஓடினாள்.

"பொக வந்தா செத்துடும்மா அது! இந்தப் பக்கம் புடி!"

இருவருமாகத் தூக்கி வேப்பமரத்தடியில் உட்கார வைத்தோம். அம்மா முறத்தால் வீசினாள். அதிலிருந்தும் உமி பறந்தது, பிடுங்கி எறிந்தேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை வாயில் போட்டு, முதுகில் கை வைத்துக் காத்திருந்தேன். உள்ளே சீட்டியடிப்பதுபோல் ஒரு சத்தம். அது கேட்கிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று நினைத்தேன். நடுவில் ஒருமுறை கேட்கவில்லை. அவள் முதுகில் காதை வைத்தேன்.

வெகுநேரம் கழித்துத் தலை நிமிர்ந்தாள்.

"இதுக்காடா... நைனா உன்ன... படிக்க வச்சாரு?"

அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். "ஒதைக்குது."

சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டிருந்தபோது நைனா வந்தார்.

"எவன்டா வெதைய வெளிய போட்டவன்? மழ வந்துகினு கீது!"

அம்மா நடந்ததைச் சொன்னாள். மரத்தடியில் இருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"பொண்ணு உள்ள படுக்கட்டும். வெதைய ஆடில வாங்கிக்கலாம்" என்று சொல்லி, மூட்டைகளை விற்றுவர வண்டியைப் பூட்டினார்.

அந்த இருட்டுகிற வானத்தைப் பார்த்தே புத்தூர் மண்டிக்காரர் விலையைக் குறைத்தார். மறுநாள் அக்காவை மரத்தடியில் இருக்கவைத்து, தரையை ஈரத்துணியால் துடைத்துச் சுண்ணாம்பு அடித்தேன். அதுவரை மூச்சு முட்டிச் சுவரில் சாய்ந்தே தூங்கியவள், அந்த வாரம்தான் முதுகு தரையில் படப் படுத்துத் தூங்கினாள். நான்தான் தூங்கவில்லை, அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடியில் விதை வாங்கியபோது, நாங்கள் விற்ற விலையைவிட மூட்டைக்கு எட்டு ரூபாய் அதிகம். நான்கு மூட்டை. சுண்ணாம்புக்கு இரண்டு. ஆக, அக்கா படுத்துத் தூங்க ஆன செலவு முப்பத்து நான்கு ரூபாய்.